பழைய காஷான் கம்பளம்: எதுவரை பழுதுபார்க்கலாம், வாங்குபவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

கேள்வி

வணக்கம். எங்கள் குடும்பத் தொழில் கையால் நெய்த பாரசீகக் கம்பளங்களை வாங்கி விற்பதும் பழையவற்றைப் பழுதுபார்ப்பதும். பெரியப்பா வியாபாரத்தைக் கவனித்தார், அப்பா பின்னறையில் ஊசியும் நூலுமாக இருந்தார். இப்போது வியாபாரம் பெரியப்பா மகனிடம், அதாவது அண்ணனிடம் வந்துவிட்டது. ரிப்பேர் அறை என்னிடம். அப்பா இன்னும் உட்கார்ந்து வேலை செய்கிறார், ஆனால் கண் முன்போல இல்லை. ஒரு கம்பளத்தை வைத்து எங்களுக்குள் பேச்சு முற்றிவிட்டது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கம்பளம் ஏறக்குறைய 4 மீட்டருக்கு 3 மீட்டர். நடுவில் பதக்கம், சுற்றிக் கொடியும் பூவும். பருத்திப் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்), நீலச் சாயம் ஏற்றிய ஊடை (குறுக்கே ஓடும் நூல்), ஒருபக்கம் மட்டும் நூலைச் சுற்றும் பாரசீக முடிச்சு, இதையெல்லாம் பார்த்தால் ஈரானின் காஷான் நகரத்து நெசவு என்றே தெரிகிறது. ஒரு மூலையில் 1310 என்று நெய்திருக்கிறது. ஒரு நீளப் பக்கம் பல காலம் ஏதோ மரச்சாமானுக்கு அடியில் இருந்திருக்க வேண்டும், கையகல அளவுக்குப் பூச்சி அரித்திருக்கிறது. கம்பளி போய்விட்டது, அடித்துணி மட்டும் முழுசாக நிற்கிறது. ஒரு முனையில் குஞ்சமும் கடைசி ஓரப் பட்டையும் சேர்ந்து நாலு விரல் அகலத்துக்குக் காணாமல் போயிருக்கின்றன. பதக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது.

அண்ணன் சொல்வது, மறு முனையையும் அதே அளவுக்கு வெட்டிச் சமமாக்கி, கடையில் கிடைக்கும் குஞ்சத்தைத் தைத்து, தேய்ந்த இடத்தில் நிறம் தீட்டிவிட்டால் சீக்கிரம் விற்றுவிடலாம் என்று. அப்பா சொல்வது நேர் எதிர், எல்லாவற்றையும், தேய்ந்த பதக்கம் உட்பட, புதிதாக முடிச்சுப் போட வேண்டும் என்கிறார். எனக்கு இரண்டிலும் மனசு ஒப்பவில்லை. எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது? நாமே பழுதுபார்த்து நாமே விற்கும்போது வாங்குபவரிடம் எவ்வளவு சொல்வது? அந்த 1310-ஐ எப்படிப் படிப்பது?

பதில் 1

தம்பி, முதலில் கத்தரிக்கோலைத் தூர வையுங்கள். ஒரு முனை போன கம்பளத்துக்கு ஒரு முனைதான் குறை, மறு முனையையும் வெட்டிவிட்டால் அந்த ஓரப் பட்டையில் பூ எப்படித் திரும்பியது, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வந்தது என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போய்விடும். போன பக்கத்தை என்றைக்காவது திரும்ப நெய்ய வேண்டுமென்றால், உங்கள் கையில் இருக்கும் ஒரே மாதிரி அந்த மறு முனைதான்.

பூச்சி அரித்த பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் உங்கள் அறைக்கு நியாயமான வேலை இருக்கிறது. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், பருத்தியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால்தான் பாவும் ஊடையும் நிற்கின்றன. பின்பக்கம் பார்த்தால் பழைய முடிச்சின் அடிக்கண்ணிகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த நிறம் எங்கே இருந்தது என்று அவையே சொல்லும், அவற்றைப் பிடுங்கி எறிவதற்கு முன் கட்டத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஊசியால் அதே இரண்டு பாவு நூல்களைப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இடப்பக்கம் திறக்கிறதா வலப்பக்கமா என்று பக்கத்தில் உள்ள நல்ல பகுதியைப் பார்த்து அப்படியே போடுங்கள். மாற்றிப் போட்டால் கம்பளி வேறு பக்கமாகச் சாய்ந்து, வெளிச்சம் படும்போது அந்தப் பட்டை மட்டும் தனி நிறமாகத் தெரியும், எவ்வளவு நல்ல சாயம் போட்டிருந்தாலும் தப்பிக்க முடியாது. காஷானில் ஒரு ஊடை இறுக்கமாகவும் மறு ஊடை தளர்வாகவும் போகும், பாவு நூல்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும். புது முடிச்சை இழுக்கும் இறுக்கம் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் கம்பளம் அந்த இடத்தில் உப்பும் அல்லது சுருங்கும். நாலு பாவு நூலைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போடும் ஜுஃப்தி முடிச்சு மட்டும் வேண்டவே வேண்டாம். வேலை பாதியாகும், அடர்த்தியும் பாதியாகும், அந்த இடம்தான் முதலில் தேயும்.

கம்பளியைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் காஷான்களில் ஒரு பகுதி, மான்செஸ்டரில் நூற்று வந்த மெரினோ கம்பளியில் நெய்யப்பட்டவை, மிக மென்மையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அப்படி என்றால் சாதாரண முரட்டுக் கம்பளியை வைத்து நீங்கள் என்ன செய்தாலும் ஒட்டாது, பழைய நூலுக்கு அலைய வேண்டியிருக்கும். சாயத்தைப் பொறுத்தவரை, முடிச்சின் அடியில் உள்ள நிறத்தைப் பார்த்து ஒப்பிடாதீர்கள், அது வெயில் படாத நிறம். கண்ணுக்குத் தெரிவது மேல்முனை, அதோடுதான் ஒத்துப்போக வேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போன சிவப்பு இரவில் விளக்கில் பழுப்பாகத் தெரிவது உண்டு, இரண்டிலும் பார்த்துவிட்டுத்தான் நூலைத் தொடுங்கள். சாயம் போட்ட நூலில் பாதியை அட்டையால் மூடி, நல்ல வெயில் விழும் ஜன்னலில் சில வாரம் விட்டுப் பாருங்கள். மூடிய பாதியும் மூடாத பாதியும் வேறு வேறாகத் தெரிந்தால் அந்தச் சாயத்தை இந்தக் கம்பளத்தில் போடக் கூடாது.

பதக்கத்தைத் தொடாதீர்கள். அங்கே முடிச்சு இருக்கிறது, மேலே நிற்கும் கம்பளிதான் தேய்ந்திருக்கிறது. அதைப் புதுசாக்க வேண்டுமென்றால் அந்த நெசவாளி போட்ட முடிச்சுகளை அறுத்து எடுத்துவிட்டுத்தான் உங்கள் முடிச்சைப் போட முடியும். இல்லாததை நிரப்புவது வேறு, இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது வேறு. அப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், கைத்திறமை உள்ளவர்களுக்கு இந்த இடத்தில் நிறுத்துவது கஷ்டம்தான். பாவு அறுந்த இடம் இருந்தால் அதை மட்டும் பலப்படுத்துங்கள்.

பதில் 2

நான் விற்கும் பக்கத்தில் இருப்பவன், அதனால் தேதியும் பில்லும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1310 என்பது இரண்டு வருடங்களாக இருக்கலாம். சந்திர ஹிஜ்ரி என்றால் 1892-93. ஈரானின் சூரிய ஹிஜ்ரி என்றால் 621 கூட்டினால் போதும், 1931-32. சூரிய நாட்காட்டியை ஈரான் அதிகாரபூர்வமாக ஏற்றது 1925-ல், எனவே 1931 என்பதும் முழுக்க சாத்தியமான கணக்கு. காஷானில் இந்த இரண்டு காலத்திலும் நல்ல கம்பளங்கள் நெய்தார்கள், அதனால் வடிவத்தை வைத்து மட்டும் முடிவு கட்டிவிட முடியாது. மெரினோ கம்பளியும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. ஒரு நூல்துண்டைச் சாயப் பரிசோதனைக்குக் கொடுத்தால் செயற்கைச் சாயம் இருக்கிறதா, எந்த வகை என்று தெரியும், அது கொஞ்சம் வழி காட்டும். அதுவரை இரண்டு வருடங்களையும் எழுதுங்கள். கூடுதலாக 39 வருட வயதைச் சும்மா எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, அந்த எண்களைப் பின்பக்கத்தில் இருந்து பாருங்கள். பாரசீக எழுத்தில் 2-க்கும் 3-க்கும் தலையில் ஒரு பல்தான் வித்தியாசம். 13 என்று தொடங்கும் வருடத்தில் அந்த ஒரு பல்லை எடுத்துவிட்டால் கம்பளத்துக்கு நூறு வயது கூடிவிடும், இதைச் செய்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். உங்களுடையதில் 3 தெளிவாக இருப்பது நல்லது, ஆனாலும் அந்த இடத்து முடிச்சுகள் சுற்றியுள்ளவற்றோடு ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

நிறம் தீட்டுவது பற்றி: 1920-களிலும் 30-களிலும் அமெரிக்கச் சந்தைக்குப் போன சாரூக் என்ற ஈரானியக் கம்பளங்களுக்கு என்ன நடந்தது என்று அண்ணனுக்குச் சொல்லுங்கள். அங்கே வாங்குபவர்களுக்கு அடர்ந்த ரோஜாச் சிவப்புதான் பிடித்தது என்பதற்காக, வேதிக் கழுவலில் நிறத்தை இறக்கிவிட்டு, பூக்களுக்குப் பின்னால் வரும் பரப்பின் நிறத்தைக் கையால் திரும்பத் தீட்டினார்கள். ஆயிரக்கணக்கான நல்ல கம்பளங்கள். இன்றைக்கும் சாரூக் ஒன்று கைக்கு வந்தால் பின்பக்கம் திருப்பி, அங்கே இருக்கும் நிறமும் முன்பக்க நிறமும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் விலையே பேசுகிறார்கள். உங்கள் கம்பளத்தில் தீட்டினாலும் அதே கதைதான், ஈரத்துணியை வைத்து அழுத்தினால் வந்துவிடும். தேய்ந்த கம்பளத்தைத் தேய்ந்தது என்று சொல்லி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தீட்டியதைத் தெரிந்து வாங்குபவரை நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு விஷயம். அமெரிக்கா 1987-ல் ஈரானியக் கம்பளங்களைத் தடை செய்தது, 2000-ல் திறந்தது, 2010-ல் மூடியது, 2016-ல் திறந்தது, 2018-ல் மறுபடி மூடியது. வேறு நாட்டில் வாங்கி அனுப்பினாலும் ஈரானில் நெய்தது ஈரானியச் சரக்காகவே கணக்கில் வரும். அதனால் கம்பளம் யாரிடம் எப்போது வந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள ஒவ்வொரு காகிதத்தையும் பத்திரமாக வையுங்கள்.

பதில் 3

துணிப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவள். மேலே இரண்டு பேரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: இந்தக் கம்பளம் இப்போது எங்கே இருக்கிறது? பூச்சி அரித்த கம்பளத்தை உங்கள் ஸ்டாக்கோடு சேர்த்து அடுக்கியிருந்தால் இன்றைக்கே தனியே எடுங்கள். அரிப்பு பழையதா, புழு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பின்பக்கமும் முன்பக்கமும் மெதுவாக வாக்யூம் செய்துவிட்டு, சுருட்டி, கனமான பாலித்தீனில் காற்றை முடிந்தவரை வெளியேற்றிக் கட்டி, உறைபதனக் கிடங்கில் மைனஸ் 20 டிகிரி அளவில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்த பிறகு அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் படியும். இதை முடித்த பிறகுதான் ஊசி.

கழுவுவதற்கு முன் ஒவ்வொரு நிறத்திலும் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி, சாயம் கசிகிறதா என்று பாருங்கள். பழைய தோற்றம் வர வேண்டும் என்று ப்ளீச்சும் டீத்தண்ணீரும் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். குளோரின் ப்ளீச் கம்பளி இழையையே கரைத்துவிடும். பழைய கம்பளங்களில் கறுப்பும் கரும்பழுப்பும் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சாயத்தில் சேர்த்த இரும்பு காலப்போக்கில் கம்பளியை அரித்ததுதான் காரணம். அந்தப் பள்ளம் தானாக உண்டானது, சேதம் என்று நினைத்து நிரப்பாதீர்கள்.

அண்ணன் முனையை வெட்டுவது பற்றிப் பேசுவதால் அர்தபீல் கம்பளத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று தேதி நெய்த கம்பளம், லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நீளம் ஏறக்குறைய பத்தரை மீட்டர். 1893-ல் 2000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அது முழுசாக இருப்பதற்குக் காரணம், அதன் ஜோடிக் கம்பளத்தில் இருந்து துண்டுகளை வெட்டியெடுத்து இதை நிரப்பியதுதான். அந்த ஜோடி ஓரப் பட்டை இல்லாமல் சின்னதாகி, இப்போது லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்றைக்கு அது வியாபாரத்துக்கு நல்ல முடிவாகத் தெரிந்திருக்கும். ஒரு தறியில் இருந்து இன்னொன்றுக்குத் துண்டு மாறிவிட்டால், எது எந்தக் கம்பளத்தின் முடிச்சு என்று ஆராய்கிறவர்கள் ஒவ்வொரு சதுர அங்குலமாகத் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் ரிப்பேருக்கு இன்னொரு பழைய காஷானை அறுத்து நூல் எடுக்கலாம் என்ற யோசனை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே துண்டாகிப்போன, எந்த வடிவமும் மிஞ்சாத கந்தலில் இருந்து எடுப்பது வேறு விஷயம்.

எங்கள் இடத்தில் என்றால் புது முடிச்சே போட மாட்டோம், நைந்த இடத்துக்கு அடியில் சாயமேற்றிய துணி கொடுத்துத் தைத்து நிறுத்திவிடுவோம், பின்னால் எப்போது வேண்டுமானாலும் பிரித்துவிடலாம் என்பதற்காக. காணாமல் போன முனைக்கு நீங்களும் அதைச் செய்யலாம்: மேலும் பிரியாமல் ஓரத்தைத் தைத்துக் கட்டுங்கள், அவ்வளவு போதும்.

பதில் 4

கடைசிப் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. அருங்காட்சியகத்தில் கம்பளத்தின் மேல் யாரும் நடப்பதில்லை. வீட்டில் விரிக்கப் போகிற கம்பளத்தின் முனையைத் தைத்து நிறுத்தினால் மட்டும் எத்தனை காலம் தாங்கும்? திரும்ப நெய்ய வேண்டும், பழைய பாவு நூலுக்குள் ஓரிரண்டு அங்குலம் ஊசியால் புதுப் பாவை ஏற்றி, நீட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, மறு முனையைப் பார்த்து முடிச்சுப் போட வேண்டும். குஞ்சமும் அப்படித்தான் வரும். குஞ்சம் என்பது பாவு நூலின் முனை, தனியாக வாங்கித் தைக்கிற அலங்காரம் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2010-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் காஷான் கம்பள நெசவைச் சேர்த்தபோது, குறிப்பிட்ட எந்தக் கம்பளத்தையும் சேர்க்கவில்லை, அந்தக் கைத்திறமையைத்தான் சேர்த்தது. ஃபார்ஸ் பகுதியின் நெசவும் அதே வருடம் சேர்ந்தது. காஷானில் பெண்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் பார்த்துப் பார்த்து வீட்டில் கற்ற வேலை அது. வடிவம் வரைவது, சாயமேற்றுவது, கம்பளியைக் கத்தரிப்பது, தறி செய்வதெல்லாம் ஆண்கள் கற்றார்கள். உங்கள் அப்பா அந்தக் கையின் ஒரு பகுதியை எங்கோ கற்று வைத்திருக்கிறார், கண் மங்குகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். நாலு விரல் அகல முனையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, நீங்கள் நெய்யுங்கள். இந்தக் கம்பளம் லாபம் தருமோ தராதோ, அடுத்த கம்பளத்துக்கு உங்கள் வீட்டில் ஆள் இருக்கும். பதக்கத்தை விட்டுவிடச் சொன்னது மட்டும் சரி.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கம்பளத்தைத் தனி அறைக்கு மாற்றிவிட்டேன், உறைபதனக் கிடங்கு ஒன்றிலும் பேசியாயிற்று. எண்களைப் பின்பக்கம் பார்த்தேன், முடிச்சுகள் சீராகத்தான் இருக்கின்றன, பிறகு மாற்றியதாகத் தெரியவில்லை. சாரூக் கதையை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். வெட்டுவதும் தீட்டுவதும் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அப்பா பதக்கத்தை விடுவதற்கு இன்னும் முழு மனசாக இல்லை, ஆனால் முனையை நான் நெய்வது, அவர் பக்கத்தில் இருப்பது என்றதும் அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டார்.

இப்போது மிச்சமிருப்பது பில். ரிப்பேரை முழுசாக எழுதினால் வாங்குபவர் விலையை அடித்துப் பேசுவார் என்று அண்ணன் பயப்படுகிறார். கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் எழுத வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில் 1

முனை நெய்வதானால் புது ஊடையின் நீலத்தைப் பழையதோடு அச்சு அசலாக ஒத்துப்போகச் செய்யாதீர்கள். முன்பக்கம் அது தெரியாது. பின்பக்கம் அரை நிழல் மாறி இருந்தால், எங்கே பழையது முடிகிறது, எங்கே உங்கள் கை தொடங்குகிறது என்று பின்னால் பார்க்கிறவருக்குத் தெரியும். கம்பளியைக் கத்தரிக்கும்போது அவசரம் வேண்டாம், முதலில் கொஞ்சம் உயரமாக விட்டு, சில நாள் விரித்து மிதித்த பிறகு பக்கத்துப் பழைய உயரத்துக்கு இறக்குங்கள்.

பதில் 2

அண்ணன் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் உங்கள் கடையில் இது இன்னும் கண்டிப்பாக எழுத வேண்டிய விஷயம். பழுது எங்கே இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் போட்டதே நீங்கள். வேறு வியாபாரி "எனக்கே தெரியாது" என்று சொல்லிவிடலாம், உங்களால் முடியாது. ரிப்பேர் நன்றாக இருக்க இருக்க, எழுதாமல் விடுவது ஏமாற்றுக்கு நெருக்கமாகிவிடுகிறது. விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். மிச்ச விலைக்கு யாரும் பிறகு வந்து சண்டை போட முடியாது. அதோடு, இவர்கள் தங்கள் வேலையை எழுதிக் கொடுப்பவர்கள் என்று தெரிந்தால், பழுதுபார்க்கக் கம்பளம் கொண்டுவருபவர்களும் நம்பிக் கொடுப்பார்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"காஷான், பருத்திப் பாவு, கம்பளி முடிச்சு. நெய்த தேதி 1310: சந்திரக் கணக்கில் 1892-93, சூரியக் கணக்கில் 1931-32, எது என்று உறுதி செய்யப்படவில்லை. இடது நீளப் பக்கத்தில் கையகலப் பட்டை பூச்சி அரிப்பால் கம்பளி இழந்தது, பழைய பாவு, ஊடை மேல் புதிதாக முடிச்சுப் போடப்பட்டது. ஒரு முனையில் நாலு விரல் அகலமும் குஞ்சமும் புதிதாக நெய்யப்பட்டவை. பதக்கம் தேய்ந்தது, முடிச்சுகள் பழையவை, நிறம் தீட்டப்படவில்லை. வேலை எங்கள் அறையில் செய்தது."

கையகலம், நாலு விரல் என்பதற்குப் பதில் சென்டிமீட்டர் போட்டுவிடுங்கள், இடது என்பது எந்த முனையில் நின்று பார்த்தால் என்றும் எழுதுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் எடுத்த படங்களை அச்செடுத்துப் பில்லோடு இணையுங்கள், பயன்படுத்திய ஒவ்வொரு நூலிலும் ஒரு துண்டை அட்டையில் ஒட்டி ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். அடுத்த முறை அதே இடத்தில் பழுது வந்தால் எந்தச் சாயம் போட்டோம் என்று தேட வேண்டியதில்லை.